முரண்டு பிடிக்கும் பழைய பாய்லர்: எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது

இந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது, அடித்தளத்தில், வீட்டைச் சூடேற்றும் பாய்லர் ஒன்றும் வீட்டோடு சேர்ந்தே வந்தது. அதன் தகட்டில் இருந்த எழுத்துகள் பாதி அழிந்துபோயிருந்தன. முதல் குளிர்காலத்தில் நான்கு முறை மெக்கானிக்கை அழைத்தேன். முதல் முறை அவர் ஒரு வால்வைத் திறந்து மூடினார். இரண்டாம் முறை ஒரு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். மூன்றாம் முறை, அறையின் சூட்டைப் பார்த்து பாய்லரை இயக்கும் தெர்மோஸ்டாட்டின் பேட்டரியை மாற்றினார். மூன்றையும் கூட்டினால் அரை மணி நேர வேலை. நான்காம் முறைதான் அவர் உண்மையிலேயே தேவைப்பட்டார்: சுடர் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது.

அந்த நான்கு வருகைகளில் நான் கற்றது ஒரு கோடு கிழிக்க. பாய்லருக்கு நெருப்புப் பக்கம் ஒன்று, நீர்ப் பக்கம் ஒன்று. எரிவாயுக் குழாய், பர்னர், சுடர், புகைபோக்கி ஆகியவை நெருப்புப் பக்கம். அதைப் பார்க்கலாம், முகரலாம், ஆனால் கழற்றக் கூடாது. பம்ப், குழாய்கள், சுடுநீர் பாய்ந்து அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள், அழுத்தமானி ஆகியவை நீர்ப் பக்கம். பொறுமை இருந்தால் அங்கே நிறைய வேலைகளை நாமே செய்யலாம்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

பாய்லர் என்ற பெயரே சற்று ஏமாற்றுவது. பெரும்பாலான வீடுகளில் அது நீரைக் கொதிக்க வைப்பதில்லை. 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்பும் குழாய்ச் சுற்றுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். முகப்பிலோ அருகிலோ ‘பார்’ என்ற அழுத்த அலகில் அளவு காட்டும் அழுத்தமானி இருந்து, பரணில் தொட்டி ஏதும் இல்லையென்றால் அது மூடிய அமைப்பு. பரணில் மிதவை வால்வுடன் ஒரு சிறு தொட்டி இருந்தால் திறந்த அமைப்பு. பக்கவாட்டில் செங்குத்தான கண்ணாடிக் குழாய் இருந்து அதில் நீர்மட்டம் தெரிந்தால் அது நீராவி பாய்லர். அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: மூக்கு, கண், தலை

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் முகர்ந்து பாருங்கள். எரிவாயு வாடை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், எரியும் விளக்கை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். கைக்கு எட்டினால் மீட்டர் அருகே உள்ள வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அதற்குக் கண்தான் துணை. நீலமாக இருக்க வேண்டிய சுடர் மஞ்சளாகச் சோம்பி ஆடுவது, பாய்லரைச் சுற்றிப் புகைக்கரி படிவது, ஜன்னல்களில் வழக்கத்துக்கு மாறாக நீர் கோத்து நிற்பது, பைலட் சுடர் (பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சிறு சுடர்) அடிக்கடி அணைவது எல்லாம் அறிகுறிகள். வீட்டில் இருக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல். வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் பாய்லரை அணைத்துவிட்டு உடனே வெளியேறுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஒலி எழுப்பும் கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்றைப் பாய்லர் இருக்கும் அறையிலும், இன்னொன்றைப் படுக்கையறை அருகிலும் வைக்காமல் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளுக்குப் போக வேண்டாம்.

இங்கே பழைய வீடுகளுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் காலத்து பாய்லர்களில் பல, எரிவதற்கான காற்றை அறையிலிருந்தே இழுத்துக்கொள்பவை. ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் காற்று புகுந்துகொண்டிருந்தவரை சிக்கல் இல்லை. பிறகு யாராவது நல்லெண்ணத்தோடு ஜன்னல்களை மாற்றி, இடுக்குகளை அடைத்து, ‘குளிர் காற்று வருகிறது’ என்று சுவரில் இருந்த காற்றுத்துளையையும் மூடிவிடுவார்கள். நெருப்பு மூச்சுத் திணற ஆரம்பிக்கும். என் வீட்டில் நடந்தது இதுதான். காற்றுத்துளைக்கு முன்னால் அலமாரியை நகர்த்தியது நானேதான். புகைபோக்கிக்குள் பறவைக் கூடு அடைப்பதும், உள்பூச்சு செங்கல் உதிர்ந்து விழுவதும் இன்னொரு வழி.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பழைய பாய்லரையும் குழாய்களையும் சுற்றி வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புச் சாந்து போன்ற உறையோ, கயிறு போன்ற திரியோ இருந்தால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆக இருக்கலாம்; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிய்க்காதீர்கள், பெருக்காதீர்கள், துளையிடாதீர்கள்.

படி 2: சின்ன விஷயங்கள்

மின் இணைப்பு, ஃப்யூஸ், தெர்மோஸ்டாட் பேட்டரி, மின்தடைக்குப் பின் நேரம் மாறிப்போன டைமர், எண்ணெயில் எரியும் பாய்லர் என்றால் எண்ணெய்த் தொட்டியின் மட்டம். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். திரையில் பிழைக்குறியீடு இருந்தால் எழுதி வைத்துக்கொண்ட பிறகே ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு முறை அழுத்தியும் எரியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பாய்லர் தன்னைத் தானே பூட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. திரும்பத் திரும்ப அழுத்துவது அந்தக் காரணத்தோடு மல்லுக்கட்டுவது.

படி 3: அழுத்தம்

மூடிய அமைப்பில், பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். சூடேறும்போது 2 பார் அருகே போகலாம். வெகுவாகக் குறைந்துவிட்டால் பல பாய்லர்கள் எரியவே மறுக்கும். நிரப்பும் முறை இது:

1. பாய்லரை அணைத்து ஆற விடுங்கள்.
2. பாய்லருக்கு அடியில், இரு முனைகளிலும் வால்வு உள்ள பின்னல் உறை போட்ட சிறு குழாயைத் தேடுங்கள். தண்ணீர்க் குழாயையும் சூடேற்றும் சுற்றையும் இணைப்பது அதுதான்.
3. ஒரு வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, மற்றதை மெதுவாகத் திறங்கள். நீர் பாயும் ஓசை கேட்கும். கண் முள்ளின் மீதே இருக்கட்டும்.
4. முள் 1.2 அளவுக்கு வந்ததும் இரண்டு வால்வுகளையும் இறுக மூடுங்கள். மூட மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முள் 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் குழாய் வழியே தண்ணீர் கொட்டும்.

வருடத்துக்கு ஓரிரு முறை நிரப்ப வேண்டியிருந்தால் கவலையில்லை. வாரம் ஒரு முறை என்றால் நீங்கள் பாய்லரைப் பழுதுபார்க்கவில்லை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறீர்கள். சுற்றில் உள்ள பழைய நீரில் ஆக்சிஜன் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும். அதனால் துருப்பிடிப்பதும் தணிந்திருக்கும். புது நீர் நுழையும் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜனும், புதுச் சுண்ணாம்பும் உள்ளே போகின்றன. ஆகவே கசிவைத் தேடுங்கள். ரேடியேட்டர் வால்வுகளின் தண்டைச் சுற்றியும் ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த மெல்லிய காகிதத்தை ஒற்றி எடுங்கள். செம்புக் குழாய் மூட்டில் பச்சைக் கறையும், மற்ற இடங்களில் வெள்ளைப் பொருக்கும் தெரிந்தால் அங்கே எப்போதோ நீர் கசிந்து காய்ந்திருக்கிறது. தரைப்பலகைக்கு அடியில் போகும் குழாய்தான் தொல்லை. பலகை நிறம் மாறியிருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் கதகதப்பாக இருக்கிறதா என்று வெறுங்காலால் நடந்து பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் நான் அப்படித்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

கசிவே இல்லை, ஆனால் சூடானால் முள் 3 வரை ஏறுகிறது, ஆறினால் பூஜ்யத்துக்கு விழுகிறது என்றால் விரிவுக் கலத்தைச் சந்தேகியுங்கள். சூட்டில் பெருகும் நீருக்கு இடம் கொடுக்கும் இந்தக் கலத்துக்குள், ஒரு ரப்பர்ச் சவ்வின் ஒருபக்கம் காற்றும் மறுபக்கம் நீரும் இருக்கும். காற்று போய்விட்டால் பெருகும் நீர் பாதுகாப்பு வால்வு வழியேதான் வெளியேறும். கலம் பாய்லர் உறைக்கு வெளியே, பெரும்பாலும் சிவப்புப் பாத்திரமாகத் தொங்கினால், அதில் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற ஒரு வால்வு தெரியும். அதன் ஊசியை நொடிப்பொழுது அழுத்துங்கள். நீர் வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, கலத்தை மாற்ற வேண்டும். காற்று மட்டும் வந்தாலோ, எதுவுமே வராவிட்டாலோ மீண்டும் காற்றேற்றிப் பார்க்கலாம்: பாய்லரை அணைத்து ஆறவிட்டு, சுற்றிலுள்ள நீரின் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, கலத்தின் மேல் குறித்துள்ள அளவுக்கு (வழக்கமாக 0.75 முதல் 1 பார்) சைக்கிள் பம்பால் அடித்து, பிறகு நீரை நிரப்புங்கள். கலம் உறைக்குள்ளே இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

படி 4: ரேடியேட்டர்களைத் தடவிப் பார்ப்பது

பாய்லரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அறை அறையாகப் போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். மேற்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று. அடிப்பகுதியின் நடுவே குளிர்ந்திருந்தால் துருச் சகதி. ஒரே ஒரு ரேடியேட்டர் முழுதும் குளிர்ந்திருந்தால் அதன் வால்வு சிக்கியிருக்கலாம். தானியங்கி வால்வாக இருந்தால் தலையைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சிறு ஊசி இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் தானே மேலே வர வேண்டும். சிக்கியிருந்தால் தட்டையான ஏதாவது ஒன்றால் மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். இடுக்கியால் பிடித்து மேலே இழுத்தால் ஊசி கையோடு வந்துவிடும், பின்னாலேயே நீரும் வரும். திறந்த அமைப்பில் மாடி ரேடியேட்டர்கள் மட்டும் சூடாகவில்லையென்றால், பரண் தொட்டியின் மிதவை சிக்கித் தொட்டி வற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றை வெளியேற்றுவது எளிது. பம்பை நிறுத்தி, நீர் ஆறும்வரை காத்திருங்கள். கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள். ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள சதுரத் திருகில் அதற்கான சாவியைப் பொருத்தி, துணியைப் பிடித்துக்கொண்டு கால் சுற்றுத் திருப்புங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று வரும். நீர் தொடர்ந்து வந்ததும் மூடுங்கள். முடிந்ததும் அழுத்தமானியைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள். நான் முதன்முறை பம்பை நிறுத்தாமல், துணியும் இல்லாமல் செய்தேன். மை போன்ற கருப்பு நீர் பீய்ச்சிய தடம் சுவரில் இன்றும் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம்.

மாதாமாதம் காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தால் அது காற்றாக இல்லாமலும் இருக்கலாம். உட்புறம் துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அது எரியக்கூடிய வாயு. திருகருகே தீக்குச்சி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

படி 5: சத்தமும் சகதியும்

பாய்லருக்குள் உலை கொதிப்பது போன்ற உறுமல் கேட்டால், சுடரின் சூட்டை நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியில் சுண்ணாம்போ சகதியோ படிந்து, நீர் அங்கங்கே உண்மையாகவே கொதிக்கிறது என்று பொருள். தற்காலிகமாக வெப்ப அளவைக் குறைத்து வையுங்கள். தீர்வு, மருந்து ஊற்றிக் கழுவுவது. களகளவென்ற ஓசை காற்று. பம்ப் ரீங்காரமிட்டும் குழாய் சூடாகவில்லையென்றால் அதன் தண்டு இறுகியிருக்கலாம். கோடை முழுதும் ஓடாமல் கிடந்த பம்ப்புகளுக்கு இது வழக்கமான நோய்.

சகதியை அறிய, ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளியே ஒரு காந்தத்தை வையுங்கள். கருப்புத் துகள்கள் காந்தத்தை நோக்கி நகர்ந்தால் அது மேக்னடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. உங்கள் ரேடியேட்டரின் உட்சுவர்தான் கரைந்து குவளைக்கு வந்திருக்கிறது.

பலரும் உடனே இயந்திரம் வைத்து முழுச் சுற்றையும் வேகமாகக் கழுவச் சொல்வார்கள். பழைய வீடுகளில் எனக்கு அதில் தயக்கம் உண்டு. மெலிந்துபோன ரேடியேட்டரில் ஊசித்துளையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தச் சகதிதான் என்ற நிலை இருக்கக்கூடும். ஓரிரு ரேடியேட்டர்களில் மட்டும் சிக்கல் என்றால் இருபுற வால்வுகளையும் மூடி, நீரை வடித்து, கழற்றி, வெளியே கொண்டுபோய்த் தோட்டக் குழாயால் அலசினாலே போதும். இரண்டு பேர் வேண்டும். வார்ப்பிரும்பு என்றால் முதுகு தாங்காது, தொடாதீர்கள். மீண்டும் பொருத்தியதும் துருத்தடுப்பு மருந்தைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

படி 6: பைலட் சுடர்

பழைய பாய்லர்களில் எப்போதும் எரியும் சிறு சுடர் ஒன்று இருக்கும். காற்றில் அணைந்துவிட்டால், எரிவாயுக் குமிழை மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து, வாடை இல்லையென்று தரையருகிலும் முகர்ந்து உறுதிசெய்த பிறகு, பாய்லரில் ஒட்டியுள்ள குறிப்பின்படி ஏற்றலாம். எரிந்ததும் குமிழை அரை நிமிடம் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டதும் அணைகிறதென்றால், சுடரில் நனையும் தெர்மோகப்பிள் என்ற சிறு தண்டு பழுதாகியிருக்கலாம். சூட்டிலிருந்து சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கி எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருப்பது அதுதான். மலிவான பாகம், மாற்றுவதும் சிறிய வேலை. ஆனாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம். மெக்கானிக்கை அழையுங்கள்.

நீராவி பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு

கண்ணாடிக் குழாயில் நீர் பாதிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நீர் அறவே தெரியாமல் பாய்லர் சூடாக இருந்தால் தண்ணீர் விடவே கூடாது. காய்ந்து பழுத்த இரும்பில் குளிர்நீர் பட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு. அணைத்து, முழுதாக ஆறவிட்டு, ஆளை வரவழையுங்கள். நீர் குறைந்தால் நெருப்பை நிறுத்தும் மிதவைக் கருவி இருந்தால், குளிர்காலத்தில் வாரம் ஒரு முறை அதன் வடிகால் வால்வைத் திறந்து ஒரு வாளி அழுக்கு நீரை வெளியேற்றுங்கள். கொதிநீர் வரும், கால் பத்திரம். நீராவி போவதும் நீர் திரும்புவதும் ஒரே குழாயில் நடக்கும் ஒற்றைக் குழாய் அமைப்பில் ரேடியேட்டர் சுத்தியலால் அடிப்பது போல் ஒலித்தால், அது வால்வை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று நீர்மட்டப் பலகை வைத்துப் பாருங்கள். தரை அமுங்கிச் சாய்வு மாறியிருந்தால், மறுமுனைக் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து உயர்த்தினால் பல நேரம் அடங்கிவிடும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது

‘பாய்லர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தகட்டில் உள்ள மாடல் எண், ஆறியிருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் முள் காட்டும் அளவு, கடைசியாக நிரப்பிய தேதி, எந்த ரேடியேட்டர் எந்த இடத்தில் குளிர்ந்திருக்கிறது, எப்படிப்பட்ட சத்தம், பிழைக்குறியீடு என்ன என்பதை ஒரு தாளில் எழுதிப் பாய்லர் அருகிலேயே ஒட்டி வையுங்கள். வருபவர் எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர் வருவதற்குள் பாய்லரைச் சுற்றி அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளையும் பெயின்ட் டப்பாக்களையும் அப்புறப்படுத்துங்கள். காற்றுத்துளையை மறைக்கும் அலமாரி ஏதும் இருந்தால், அதையும்.