பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக்கிய என் அனுபவம்

இருட்டறையின் சிவப்பு விளக்கொளியில், டெவலப்பர் தட்டில் கிடக்கும் தாளில் உருவம் மெல்லத் தெளிந்து வருவதைப் பார்த்துத் தொடங்கிய என் புகைப்படக் காதல் டிஜிட்டல் காலத்திலும் குறையவில்லை. ஆனால் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஸ்கேனரில் இட்டு, அகச்சிவப்பு ஒளியால் தூசு நீக்கும் வசதியை இயக்கியபோது நுண்விவரங்கள் சிதைந்தன. வண்ணப் படச்சுருளின் சாயங்கள் பெரும்பாலும் அக்கதிரை ஊடுருவ விடுகின்றன. கறுப்பு வெள்ளைச் சுருளின் உலோக வெள்ளி அதைத் தடுப்பதால், கருவி உருவத்தையே தூசு என்று கொள்கிறது.

ஆகவே ஸ்கேனரை விடுத்து, எல்இடி பலகையின் வெளிச்சத்தில், 1:1 மேக்ரோ லென்ஸ் (சிறு பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதிக்கும் லென்ஸ்) பொருத்திய கேமராவால் நெகட்டிவ்களைப் படம்பிடித்தேன். கேமரா நெகட்டிவுக்கு இணையாக இல்லாததால் அதிலும் மூலைகள் மங்கலாக வந்தன. நெகட்டிவ் இருக்கவேண்டிய இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிரதிபிம்பம் திரையின் நடுமையத்தில் விழும்வரை கேமராவைத் திருத்தியதும் நான்கு மூலைகளும் தெளிந்தன. இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் என்லார்ஜரை நேராக்கவும் பயன்படும் அருமையான முறை இது. எஃப்/8 என்னும் லென்ஸ் துளை அளவு, ஐஎஸ்ஓ 100 என்னும் ஒளியுணர்திறன், கேமரா பதித்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு என்பவை போதுமானவை. அறை விளக்குகளை அணைப்பது மிக முக்கியம். இல்லையெனில் படச்சுருளின் பளபளப்பான பரப்பில் பிரதிபலிக்கும் ஒளி, நெகட்டிவின் அடர்ந்த பகுதிகளை, அதாவது இறுதிப் படத்தின் வெளிச்சப் பகுதிகளைக் கெடுத்துவிடும். குவியத்தை, இருட்டறையில் செய்ததைப் போலவே, படத்தின் மணிகளை (உருவத்தை உருவாக்கும் நுண்துகள்களை) பெரிதாக்கிப் பார்த்துத்தான் சரிசெய்கிறேன். தூசியைக் காற்றூதியால் முன்பே அகற்றிவிட்டு, எஞ்சிய புள்ளிகளைக் கணினியில் கையாலேயே நீக்குகிறேன்.