காய்ச்சலும் பாய்ச்சலும்: குறுவை வயலில் நீர்க்குழாய் வைப்பது எப்படி

நெல் வயலில் எப்போதும் நீர் கட்டி வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவதுதான் காய்ச்சலும் பாய்ச்சலும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பல நாடுகளுக்கும் கொண்டுபோன இந்த முறை, பம்புசெட்டை நம்பும் குறுவைக்கு நன்றாகப் பொருந்தும். அடைமழையில் நிற்கும் சம்பாவுக்கு வேண்டாம். அங்கே வடிகால்தான் கவலை. வேதாரண்யம் பக்கத்து உவர் நிலத்திலும் வேண்டாம், காயக் காய உப்பு மேலேறும்.

மண்ணுக்குள் நீர் எவ்வளவு இறங்கியது என்று காட்டத்தான் நீர்க்குழாய்: 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டத்தில் ஒரு பிவிசி துண்டு. அதன் கீழ்ப்பாதியில் 2 செ.மீ.க்கு ஒன்றாக அரை செ.மீ. துளைகள். துளைப்பகுதி முழுதும் மண்ணில் புதையும்வரை அழுத்தி, உள்ளே உள்ள சேற்றை அடிவரை வாரிவிடுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் வெளியும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். சில மணி நேரமாகியும் இல்லையென்றால் களி துளையை அடைத்துவிட்டது. பிடுங்கிக் கழுவி மறுபடி வையுங்கள். வரப்பை ஒட்டி வைத்தால் நண்டு வளையில் ஒழுகுவதையும் சேர்த்துப் பொய்க்கணக்கு காட்டும். ஒரு மீட்டராவது தள்ளி, மேடோ பள்ளமோ இல்லாத இடமாகப் பாருங்கள்.

நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். களை மண்டியிருந்தால் இன்னும் இரண்டு வாரம் போகட்டும். குழாயில் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரம் கட்டுங்கள். அதற்கு மேல் காயவிட்டால் களிமண் வெடித்து, பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பிலேயே போய்விடும். பூக்க ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காய்ச்சலே கூடாது, பதர் விழும். மேலுரமாக யூரியாவைக் காய்ந்த மண்ணில் தூவி உடனே தண்ணீர் விடுங்கள்.

தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், நீர் கட்டிய வயலிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு ஏறக்குறைய பாதியாகும். ஆனாலும் வங்கதேசத்தில் இது பெரிதாகப் பரவவில்லை: பருவத்துக்கு இவ்வளவு என்று பம்புக்காரருக்கு மொத்தமாகக் கொடுப்பவருக்கு மிச்சம் பிடித்து என்ன லாபம்? இலவச மின்சாரம் உள்ள நம் வயலிலும் அதே கதைதான். டீசல் இன்ஜின்காரருக்கு மட்டும் கை மேல் காசு. பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் கால்வாய்த் தண்ணீரையே முறைவைத்து விட்டதால் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். நம் முறைப்பாசனத்துக்கு அதுதான் ஒத்துவரும். கடைமடைக்காரர் குழாயைப் பார்த்துத் தண்ணீர் கேட்க முடியாது. முறை நாள் வரும்போதுதான் வரும்.

மீத்தேனைக் குறைத்ததற்குக் காசு, அதாவது கார்பன் கிரெடிட் என்று யாராவது வந்தால், எந்த முறையியலில் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நெல்லுக்கான பழைய முறையியலை, கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2023-ல் நிறுத்திவிட்டது. பாய்ச்சிய தேதி, குழாய் அளவு, இன்ஜின் ஓடிய மணி, யூரியா போட்ட நாள் நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்தில் வழக்கம்போல் நீர் கட்டும் வயல் ஒன்றுக்கும் இதே கணக்கு வேண்டும்.