காரில் வெந்துபோன முதலுதவிப் பெட்டி

மே மாத வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். எங்கள் முதலுதவிப் பெட்டி இருந்தது அங்கேதான். மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது பிளாஸ்டர் ஒட்டவே இல்லை. பசை இளகி உறையோடு போய்விட்டது. ஆயின்ட்மென்ட் தண்ணீராகப் பிரிந்து வந்தது. மாத்திரை அட்டையில் '30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள்.

சரி என்று பெட்டியை இரண்டாகப் பிரித்தேன். காரில் இப்போது காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், கத்தரி, கையுறை மட்டும். பாராசிட்டமால், காயத்தில் கிருமி வராமல் போடும் பொவிடோன் அயோடின், வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடி, பிளாஸ்டர் எல்லாம் படுக்கையறை அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில். குளியலறை வேண்டாம், ஈரம் ஆகாது. ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் கடையில் கிடைக்கும். அளவு மாறினால் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொன்றின் காலாவதி மாதத்தையும் பெரிதாக எழுதியிருக்கிறேன். எது முதலில் முடிகிறதோ அது மேலே. அப்புறம் 108, குடும்ப மருத்துவரின் எண். எதையாவது எடுத்தவர் அதே தாளில் குறித்துவிட்டால், மளிகை வாங்கப் போகும்போதே மருந்துக்கடையிலும் வாங்கி வந்துவிடுகிறோம்.