கெசுகி முகட்டில் வழிகாட்டியோடு நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவின் டெனாலி மாநிலப் பூங்காவில் கெசுகி முகடு இருக்கிறது. லிட்டில் கோல் க்ரீக்கில் ஏறி பையர்ஸ் ஏரியில் இறங்கினால் சுமார் 43 கி.மீ. டென்ட், சாப்பாடு எல்லாம் முதுகில்தான். மேகம் விலகினால் 6,190 மீட்டர் உயர டெனாலி வடமேற்கே முழுசாகத் தெரியும். கோடைதோறும் அங்கே ஆட்களைக் கூட்டிப் போகிறேன். புது ஷூ கடிக்கும், பை கனக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற வேறு சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ரெயின் கவரை நம்புவது

பைக்கு மேலே போடும் கவர் காற்றில் தூக்கிக்கொள்ளும். முதுகுப் பக்கம் வழியும் தண்ணீரை அது தடுக்கவே தடுக்காது. கனமான பிளாஸ்டிக் குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் இரவு உடுப்பையும் அதில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

நனைந்ததைச் சொல்லாமல் மறைப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான்.

ஓர் ஆகஸ்ட் பயணத்தில் இரண்டாம் இரவு முழுக்க மழை. குழுவில் இருந்த ஓர் இளைஞரின் ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டில் ஊறிவிட்டது. காலையில் வழக்கம்போல எல்லோரிடமும் கேட்டேன். "நல்லாத் தூங்கினேன்" என்றார். மதியம், நெடுஞ்சாலைக்கு இறங்கும் எர்மைன் ஹில் பிரிவைக் கடந்தோம். சாயங்காலம் அவர் பின்தங்கினார், சமதரையில் தடுக்கினார், ஜாக்கெட் ஜிப்பை மூட முடியவில்லை, பேச்சு குழறியது. உடல் வெப்பம் இறங்குவதற்கான அடையாளங்கள் இவை. காற்றுக்கு நடுவே அங்கேயே டென்ட் அடித்து, ஈர உடுப்பைக் களைந்து, மற்றவர்களின் காய்ந்த துணியைப் போட்டு, சூடாக இனிப்புப் பானம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். பிழைத்தார். மறுநாள் நடக்க முடியவில்லை. இருந்த சாப்பாட்டைக் குறைத்துப் பங்கிட்டோம். ஒரு தம்பதி ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டார்கள்.

காலையிலேயே சொல்லியிருந்தால்? என் பையில் கூடுதல் போர்வை இருந்தது. இல்லாவிட்டால் எர்மைன் ஹில்லில் சுமார் 5 கி.மீ. இறங்கினால் நெடுஞ்சாலை. நடுவழியில் வெளியேற அது ஒன்றுதான் வழி. அதைத் தாண்டிவிட்டால் பையர்ஸ் ஏரிதான்.

முகட்டின் மேல் மரம் கிடையாது, தீ மூட்ட விறகு கிடையாது. ஆகஸ்டிலும் மழையோடு காற்று சேர்ந்தால் குளிர் எலும்பைப் பிடிக்கும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் அடைத்திருக்கும் இறகு ஈரமானால் கட்டிகட்டியாகிச் சூட்டைப் பிடித்து வைக்காது, அந்த ஈரக்காற்றில் காயவும் காயாது. ஆக, முதல் இரவு நனைந்தது அடுத்தடுத்த இரவுகளுக்கும் நனைந்ததுதான்.

குழுவுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் வழிகாட்டி எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பதே நீங்கள் சொல்வதை வைத்துத்தான். குதிகாலில் லேசாக எரிச்சல், ராத்திரி நடுக்கம், சாப்பிடப் பிடிக்கவில்லை, மாத்திரை ஒருவேளை விட்டுப்போச்சு, எதுவானாலும் அப்போதே சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இரவுச் சாக்ஸைப் பகலில் போடுவது

வேண்டாம். தூங்கும்போது போட ஒரு ஜோடி காய்ந்தே இருக்கட்டும். காலையில் ஈரச் சாக்ஸையே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

பற்பசையைத் தலைமாட்டில் வைப்பது

வாசனை உள்ளதெல்லாம் கரடிக்குச் சாப்பாடு மாதிரிதான். சன்ஸ்கிரீன், லிப் பாம் உட்பட எல்லாம் கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள், டென்ட்டிலிருந்து தள்ளி.

பனிமூட்டத்தில் முந்திப் போவது

பாறைப் பகுதியில் அடுக்கி வைத்த கற்குவியல்கள்தான் பாதைக்கு அடையாளம். அடுத்த குவியல் கண்ணில் படும்வரை, நீங்கள் நிற்கிற குவியலை விட்டு நகராதீர்கள். வேகமாக நடக்கத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

ட்ரபிள்சம் க்ரீக் வழியாகப் போகலாம் என்று வற்புறுத்துவது

பையர்ஸ் ஏரியோடு முடிக்காமல் தெற்கே இந்த ஓடை வழியாகவும் போகலாம். ஆனால் சால்மன் மீன்கள் ஏறும் பருவத்தில் அந்த ஓடையோரம் கரடிகள் கூடும். அதனால் பாதையை மூடிவிடுவது வழக்கம். பையர்ஸ் ஏரியோடு முடித்துக்கொள்வோம் என்று வழிகாட்டி சொன்னால், சரி என்று இறங்கிவிடுங்கள்.