பாடத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுசெல்லும் முறை

மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று வட்டமாக உட்காரவைத்துப் பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொல்வது திறந்தவெளிக் கற்றல் ஆகாது. அதில் இடம் மாறியிருக்கிறதே தவிரப் பாடம் மாறவில்லை. சுவர்களுக்குள் பார்க்கவோ அளக்கவோ தொடவோ முடியாத ஏதோ ஒன்று அந்த வகுப்பின் மையமாக இருந்தால்தான் வெளியே போனதற்குப் பொருள் உண்டு. எனவே ஆசிரியரும் பெற்றோரும் முதலில் நல்ல கேள்வியைத் தேட வேண்டும். இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மரத்தின் உயரம் எவ்வளவு, மழை நின்ற பிறகு இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் பாசி படர்ந்திருப்பது ஏன் என்பன போன்ற கேள்விகளுக்கு மனப்பாடம் செய்து விடை சொல்ல முடியாது. போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாதபோது வெளியே போக நேரம் ஏது என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் வெளியே செலவிட்ட நேரத்தின் பயன் உள்ளே நடக்கும் பாடத்திலும் தெரிகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், கவனக்குறைபாடு உள்ள 7 முதல் 12 வயது வரையிலான சிறுவர்கள், நகரத் தெருக்களில் 20 நிமிடம் நடந்த பிறகு இருந்ததைக் காட்டிலும், பூங்காவில் அதே நேரம் நடந்த பிறகு கூடுதல் கவனத்துடன் இருந்தனர். அதே பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், இயற்கைச் சூழலில் ஒரு பாடம் கேட்டுவிட்டு வகுப்பறைக்குத் திரும்பிய 9, 10 வயது மாணவர்களின் கவனத்தைப் பாடத்தின் பக்கம் திருப்ப ஆசிரியர் குறுக்கிட வேண்டியிருந்த தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆகவே கால அட்டவணையில் கடினமான பாடத்துக்கு முந்திய வேளையில் வெளி வகுப்பை வைப்பது நல்லது. நாளின் கடைசியில், எல்லோரும் களைத்த பிறகு, மிச்சமிருக்கும் நேரத்தில் வைத்தால் இந்தப் பயன் கைநழுவிப் போகும்.

கண்ணுக்குக் கிடைக்கும் நன்மையும் சிறியதன்று. சீனாவின் குவாங்சோ நகரில் சில தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்பு மாணவர்களுக்கு ஒவ்வொரு பள்ளி நாளிலும் 40 நிமிட வெளி வகுப்பு கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் முடிவில் அந்த மாணவர்களில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இயங்கிய பள்ளிகளின் மாணவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்ததாக 2015இல் முடிவு வெளியானது. வகுப்பறையில் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் இருக்கும். பகலில் வெளியே நிழலில் நின்றாலும் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கண்விழி அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை ஏற்படுவதைத் தடுக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். நிழலிலேயே இந்தப் பயன் கிடைப்பதால் பிள்ளைகளை உச்சி வெயிலில் நிறுத்தத் தேவையே இல்லை.

இனி இடத்துக்கு வருவோம். நடந்தே ஐந்து நிமிடத்துக்குள் சென்று சேரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மரமும் கொஞ்சம் மண்ணும் இருக்கும் மூலை போதும். தொலைதூரப் பயணம் இனிமையான நினைவாக நிற்கும். ஆனால் ஒரே இடத்துக்கு வாரந்தோறும் திரும்பிப் போகும்போதுதான் மாற்றம் கண்ணில் படுகிறது. போன வாரம் மொட்டாக இருந்தது இன்று காய்த்திருப்பதைக் கவனிக்கும் மாணவருக்கு, காலத்தையும் காரணத்தையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் தானாக வருகிறது. என்னைக் கேட்டால், ஆண்டுக்கு ஒரு பெரிய சுற்றுலாவை விட வாரத்துக்கு அரை மணி நேரம் எவ்வளவோ மேலானது.

முதல் வகுப்புக்கு நிழலைப் பரிந்துரைப்பேன். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியும், ஓர் அளவு நாடாவும், நுனியில் சிறு கல் கட்டிய நூலும் போதும். சமதளத்தில் குச்சியை நட்டு, நூலைத் தொங்கவிட்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்த பின் அதன் நிழலையும், அருகிலுள்ள மரத்தின் நிழலையும் அளக்கச் சொல்லுங்கள். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், மரத்தின் நிழல் 6.4 மீட்டர் என்றால் மரத்தின் உயரம் 8 மீட்டர். இந்த விகிதக் கணக்கைக் கரும்பலகையிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் நான்கு குழுக்கள் அளந்தால் நான்கு விடைகள் வரும். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு குழு குச்சியைச் சாய்வாக நட்டிருக்கும். இன்னொரு குழு மரத்தின் நிழலை அடிமரத்தின் நடுவிலிருந்து அளக்காமல் அதன் விளிம்பிலிருந்து அளந்திருக்கும். மற்றொரு குழு குச்சியின் நிழலை முதலில் அளந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து மரத்தின் நிழலை அளந்திருக்கும். அதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. தவறு எங்கே என்று ஆசிரியர் உடனே சொல்லிவிடக் கூடாது. குழுக்கள் தமக்குள் வாதாடி, மறுபடியும் அளந்து, தாமே கண்டுபிடிக்கட்டும். நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொன்னால், கல்லுக்கும் நுனிக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கும். பூமி சுழல்கிறது என்று ஆயிரம் முறை படித்தவர்களும் அந்த இடைவெளியைக் குனிந்து பார்ப்பார்கள். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் இப்படி ஒரு நண்பகல் நிழலின் கோணத்தைக் கொண்டுதான் என்பதை இந்தக் கட்டத்தில் சொன்னால் மனத்தில் பதியும். முன்னதாகச் சொன்னால் அது வெறும் தகவலாக நின்றுவிடும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

உயிரியலுக்கும் மொழிப் பாடத்துக்கும் ஒரு சதுர மீட்டர் நிலம் போதும். நூலால் ஒரு சதுரத்தை அடைத்து, இருவருக்கு ஒரு சதுரம் என்று ஒதுக்கி, பதினைந்து நிமிடம் பேசாமல் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்புறம் கண்டதையும் வலப்புறம் ஊகித்ததையும் எழுத வேண்டும். 'இலையின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு பகுதி இல்லை' என்பது கண்டது. 'பூச்சி தின்றிருக்கிறது' என்பது ஊகம். இவ்விரண்டையும் பிரித்தெழுதப் பழகிய மாணவர் பிற்காலத்தில் செய்தியையும் கருத்தையும் பிரித்துப் பார்க்கத் தடுமாற மாட்டார். செடியின் பெயரைக் கேட்டதும் சொல்லிவிடாதீர்கள். பெயர் தெரிந்துவிட்டால் பலர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

பதின்ம வயதினருக்கு இந்த அணுகுமுறை அப்படியே பொருந்தாது. விளையாட்டுப் போலத் தோன்றும் எதையும் அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். தம் உழைப்பால் ஏதாவது மாறும் என்று தெரிந்தால் முழு மனத்துடன் இறங்குவார்கள். வெயிலிலும் நிழலிலும் தரையின் வெப்பநிலையை அளந்து, வளாகத்தில் எங்கே மரம் நட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதச் சொல்லலாம். இளைய வகுப்பினரை வழிநடத்தும் பொறுப்பையும் கொடுக்கலாம். கைபேசியைப் படம் எடுக்கவும் நேரம் பார்க்கவும் பயன்படுத்திவிட்டுப் பைக்குள் வைத்துவிடுவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் நாளே தனியாகப் போய் இடத்தைப் பார்த்து, உடைந்த கண்ணாடி, குளவிக்கூடு, திறந்த பள்ளம் போன்றவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். யாருக்கு ஒவ்வாமை, யாருக்கு ஆஸ்துமா என்ற பட்டியலும், உரிய மருந்தும், முதலுதவிப் பெட்டியும், குடிநீரும் கையில் இருக்க வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் தலைகளை எண்ணுங்கள். அறியாத காயையோ காளானையோ வாயில் வைக்கக் கூடாது. இடியோசை கேட்டால் உடனே கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே போகக் கூடாது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால், அவர் சென்று சேரக்கூடிய இடமே எல்லோருக்குமான இடம். அவரைப் படியோரம் நிறுத்திவிட்டு மற்றவர்கள் போவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. அதே வேளையில், சிராய்ப்புக்குப் பயந்து எல்லாவற்றையும் தடுத்துவிடவும் கூடாது. தாழ்ந்த பாறையில் கால் வைக்கலாமா என்று தானே எடைபோட்டு முடிவெடுப்பதும் கற்றலின் ஒரு பகுதியே.

திரும்பி வந்ததும் கைகழுவிவிட்டு, அன்றே பதினைந்து நிமிடமாவது குறிப்புகளைப் பேசித் தொகுக்க வேண்டும். மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். அளவுகளை ஒரே அட்டவணையில் எழுதி, பொருந்தாத எண்ணை அழிக்காமல் வட்டமிட்டு வையுங்கள். விடை கிடைக்காத கேள்வி ஒன்றை மாணவர்களே தேர்ந்தெடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதட்டும். அடுத்த வாரம் அந்தக் கேள்வியோடு புறப்படலாம்.