இண்டி ராக் ஆல்பங்கள்: தேடிப் பிடிப்பது, வாங்குவது, பத்திரப்படுத்துவது

போன மாதம் வரை ஓடிய ஆல்பம் இன்று ஸ்ட்ரீமிங் பட்டியலில் மங்கிப்போய், தட்டினாலும் ஓடாமல் கிடக்கும். ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனமான லேபிளின் உரிமம் முடிந்திருக்கலாம், குழு கலைந்திருக்கலாம். பெரிய இசை நிறுவனங்களைச் சாராத சின்னக் குழுக்களின் இண்டி ராக் இசைக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால் மனசுக்குப் பிடித்ததைக் காசு கொடுத்து ஃபைலாக வாங்கி, சொந்த டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடலைத் தொடங்க நல்ல இடம், ஏற்கெனவே பிடித்துப்போன ஓர் ஆல்பத்தின் கிரெடிட்ஸ். யார் பதிவு செய்தார், எந்த ஸ்டுடியோ, எந்த லேபிள், நன்றிப் பட்டியலில் எந்தக் குழுக்கள் என்று பாருங்கள். சிகாகோவின் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி ஒருவரைப் பின்தொடர்ந்தாலே பிக்ஸீஸ், பிஜே ஹார்வி தொடங்கி, பெயரே கேள்விப்படாத நூற்றுக்கணக்கான குழுக்கள் வரை போகலாம். லேபிளும் இப்படித்தான் வழிகாட்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 1981இல் தொடங்கிய ஃப்ளையிங் நன், சூப்பர்சங்க் குழுவைச் சேர்ந்த இருவர் 1989இல் தொடங்கிய மெர்ஜ் போன்றவற்றுக்குத் தனி ரசனை உண்டு. அவற்றின் பழைய வெளியீடுகளை ஆண்டு வரிசையில் கேட்டுக்கொண்டே வாருங்கள்.

கலைஞர்களே தங்கள் இசையை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் 'இண்டி ராக்' என்ற டேக்கை, அதாவது குறிச்சொல்லைத் தட்டினால் வெள்ளம்தான் வரும். 'ஸ்லோகோர்', 'ஜாங்கிள் பாப்', 'ஷூகேஸ்' போன்ற உட்பிரிவுகளின் குறுகிய டேக்கை எடுங்கள், அல்லது ஊர்ப் பெயர் டேக்கில் தேடுங்கள். இதைவிடப் பலன் தருவது வேறொன்று. ஆல்பம் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறிய படங்கள் இருக்கும். ஒருவரைத் தட்டினால் அவருடைய மொத்தத் தொகுப்பும் திறக்கும். உங்களிடம் உள்ள மூன்று நான்கு ஆல்பங்கள் அங்கேயும் இருந்தால் அவரைப் பின்தொடருங்கள். எந்த அல்காரிதமும் இந்த அளவுக்குத் துல்லியமாகப் பரிந்துரைத்து நாங்கள் பார்த்ததில்லை. சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி வானொலி, ஒலிபரப்பும் ஒவ்வொரு பாடலுக்கும் ஆல்பம், லேபிள் விவரத்தைத் தன் தளத்தில் போடுகிறது. அதையும் கவனியுங்கள்.

வாங்குவதற்கு முன் முழு ஆல்பத்தையும் இரண்டு முறையாவது கேளுங்கள். நேரமில்லையென்றால் ஐந்தாவது, ஆறாவது பாடல்களைக் கேளுங்கள். முதல் பாடலை எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் வைப்பார்கள், சரக்கு உண்டா இல்லையா என்பது நடுவில்தான் தெரியும். பேண்ட்கேம்ப்பில் இலவசமாக ஓடுவது நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3. அதை வைத்து ஒலித் தரத்தை எடைபோட வேண்டாம்.

வாங்கும்போது கணக்கு தொடங்கி, எப்போதும் ஒரே மின்னஞ்சலைக் கொடுங்கள். வெவ்வேறு முகவரிகளில் வாங்கினால் பிறகு டவுன்லோட் இணைப்புகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். 'விரும்பிய விலை' என்று போட்டிருக்கும் ஆல்பத்தைச் சுழியம் கொடுத்து எடுத்தால் அது உங்கள் தொகுப்பில் சேராது, சிறு தொகையாவது கொடுத்தால்தான் சேரும். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. எல்லா மாதமும் வராது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரும்பியவற்றை விஷ்லிஸ்ட்டில் சேர்த்து வைத்து அன்று வாங்கினால் கலைஞருக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும்.

எந்த ஃபார்மட்? ஃப்ளாக். 40 நிமிட ஆல்பம் சிடி தரத்தில் அமுக்காத வேவ் ஃபைலாக சுமார் 420 மெகாபைட், நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3யாக 96 மெகாபைட். ஃப்ளாக் பெரும்பாலும் 250 மெகாபைட்டை ஒட்டி வரும், ஒலியில் எதுவும் இழப்பதில்லை. ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்யலாம். ஆனால் எம்பி3யை இன்னொரு ஃபார்மட்டுக்கு மாற்ற மாற்றத் தரம் தேயும். ஆப்பிளின் மியூசிக் செயலிதான் உங்கள் பிளேயர் என்றால், அது ஃப்ளாக்கை ஏற்காது, அதேபோல ஒலியை இழக்காத ஆப்பிளின் ஃபார்மட்டான ஏலாக் எடுங்கள். நான்கு டிராக் கேசட்டில் எளிய முறையில் பதிந்த, இரைச்சல் கலந்த லோ-ஃபை ஆல்பத்துக்கு எம்பி3 போதும் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. டேப் இரைச்சலும் டிரம் செட்டின் சிம்பல் தட்டு ஒலியும்தான் எம்பி3 தடுமாறும் இடங்கள். அதே இரைச்சலால் அந்த ஆல்பத்தின் ஃப்ளாக் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

வாங்கிய அன்றே இறக்குங்கள். பேண்ட்கேம்ப்பே 2022இல் எபிக் கேம்ஸ் கைக்கும், 2023இல் சாங்ட்ரேடர் கைக்கும் மாறியது. இணைப்பு என்றென்றும் இருக்கும் என்று நம்பி விட்டுவைக்காதீர்கள். ஜிப் ஃபைல் திறக்கவில்லையென்றால் பெரும்பாலும் பாதியில் நின்ற டவுன்லோட்தான், மறுபடி இறக்கினால் சரியாகும். வேறு இடங்களில் வாங்கிய ஃப்ளாக்கில் சந்தேகம் வந்தால் 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நேர்க்கோடு தெரிந்தால், குறைந்த தர எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றியிருக்கிறார்கள் என்றே சந்தேகிக்கலாம். பழைய கேசட் பதிவில் உயர் அலைகள் படிப்படியாக மங்கும், அது இயல்பு.

அடுத்தது டேக் வேலை, அதாவது ஃபைலுக்குள் பாடல், கலைஞர், ஆண்டு விவரங்களைச் சரியாக நிரப்புவது. இந்த விவரங்களை இணையப் பட்டியலிலிருந்து எடுத்து நிரப்பும் மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் மென்பொருளில் ஃபோல்டரை இழுத்துப் போட்டு முதலில் 'க்ளஸ்டர்', பிறகு 'லுக்கப்' கொடுங்கள். 'ஸ்கேன்' பாடல்களைத் தனித்தனியாக அடையாளம் காண்பதால், ஒரே ஆல்பத்தை நாலைந்து தொகுப்புகளில் சிதறடித்துவிடக் கூடும். ஒரே ஆல்பத்துக்குப் பல பதிப்புகள் காட்டும். பாடல் எண்ணிக்கையும் நீளமும் பொருந்தும் 'டிஜிட்டல் மீடியா' பதிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகே சேமியுங்கள். பட்டியலில் இல்லாத குழுவென்றால் எம்பி3டேக் என்ற மென்பொருளில் கையால் நிரப்புங்கள். பலர் பாடிய தொகுப்பு இருபது துண்டாக உடைந்து தெரிந்தால், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' காலியாக இருக்கிறது என்று பொருள். எல்லாப் பாடல்களுக்கும் அங்கே ஒரே பெயரைப் போடுங்கள். ரீமாஸ்டர் என்றாலும் ஆண்டு இடத்தில் முதல் வெளியீட்டு ஆண்டு இருப்பதே நல்லது, அப்போதுதான் ஒரு குழுவின் வளர்ச்சி வரிசையாகத் தெரியும்.

ஃபோல்டர் அமைப்பு எளிமையாக இருக்கட்டும்: கலைஞர், அதற்குள் '1994 - ஆல்பம்', அதற்குள் '01 பாடல்'. ஒன்றுக்கு முன் சுழியம் இல்லையென்றால் சில பிளேயர்களில் 1, 10, 2 என்று ஓடும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி உள்ள பெயர்களை விண்டோஸ் ஏற்காது. போஸ்ட்-ராக் குழுக்களின் நீண்ட தலைப்புகளைச் சுருக்குங்கள், மொத்தப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் நகலெடுப்பது பாதியில் நிற்கக்கூடும்.

பேக்கப் இரண்டு வேண்டும்: ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டிலோ கிளவுடிலோ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளாக் கருவியின் சோதனைக் கட்டளையை மொத்த ஃபோல்டருக்கும் ஓட்டுங்கள். ஃபைலுக்குள் பதிந்திருக்கும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, பழுதானதை அது பெயரோடு காட்டிவிடும். அந்த ஒன்றை மட்டும் நல்ல பிரதியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.