அடிமட்ட நீளத்தில் ஒரு ஜெட்: மரத்தில் மேசை விமானம் செதுக்கும் முறை

நான் செதுக்கிய முதல் விமானத்தைப் பார்த்த மாமி கேட்டது இதுதான்: "இதென்ன தம்பி, ஒரு செட்டை சரிஞ்சு கிடக்கு?"

மூன்று வாரம் வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் குந்தியிருந்து செய்தது. ஜன்னல், கதவுக் கோடு, எஞ்சின் வாய் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தேன். மாமி அதில் ஒன்றையும் கவனிக்கவில்லை. இடது செட்டை மூன்று மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது மட்டும் வாசலில் நின்றபடியே அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஆகவே இந்தச் செய்முறையில் ஜன்னலுக்குக் கொஞ்ச இடம்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருவதற்குத்தான் பெரும்பங்கு.

எந்த விமானம்?

முதல் வேலைக்கு பிஸ்னஸ் ஜெட், அதாவது சில பேர் மட்டும் போகிற சின்னத் தனியார் ஜெட், நல்லது. எஞ்சின்கள் செட்டைக்கு அடியில் தொங்காமல் வால் பக்கம் உடலோடு ஒட்டியிருப்பதால் செட்டையைத் தடங்கலின்றி இழைக்கலாம். ஆனால் மூன்று எஞ்சின் உள்ள ஃபால்கன் 7எக்ஸ், செட்டைக்கு மேலே எஞ்சின் நிற்கும் ஹொண்டாஜெட் இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650. உண்மையான விமானத்தின் நீளம் 30.4 மீற்றர், செட்டை நுனிக்கு நுனி அகலமும் ஏறத்தாழ அதே 30.4, உயரம் 7.8. நூற்றில் ஒரு பங்காகச் செய்தால் மீற்றரை அப்படியே சென்ரிமீற்றராக வாசிக்கலாம், கல்குலேட்டர் வேண்டாம். நீளமும் அகலமும் பள்ளிக்கூட அடிமட்டம் அளவுதான்.

படம்

மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என மூன்று கோணப் படம் வேண்டும். இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்ரிமீற்றர், நமக்கு வேண்டியது 30.4. தாளுக்குள் அடக்கி அச்சடிக்கச் சொன்னால் இயந்திரம் சத்தமில்லாமல் படத்தைச் சுருக்கிவிடும். போட்டோக் கொப்பிக் கடையில் ஏ3 தாளில் எடுங்கள், கடையை விட்டு இறங்குமுன் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். மூன்று பிரதி எடுப்பது நல்லது: வெட்டி ஒட்ட இரண்டு, பார்க்க ஒன்று.

மரம்

மேசை விமானங்களுக்குப் பேர்போன பிலிப்பைன்ஸ் பட்டறைகளில் மஹோகனியைத்தான் பெரும்பாலும் செதுக்குகிறார்கள். அது நமக்கும் கிடைக்கிற மரம்தான். 101 பஸ்ஸில் மொரட்டுவைக்குப் போனால் தளபாடப் பட்டறைகளில் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கலாம். வழியில் இரத்மலானை வரும். கட்டுநாயக்கவுக்கு முந்திய பழைய விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. நான் இன்னமும் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் பார்த்துத்தான் உட்காருவேன்.

மஹோகனி இல்லாவிட்டால் கினிசப்பு மரம். பலா அழகுதான், புதிதில் மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். ஆனால் அதன் நார் பின்னிக்கொண்டு உளியை இழுக்கும். அதைப் பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டியவை: உடலுக்கு 32 × 3.5 × 3.5 சென்ரிமீற்றர் கட்டை ஒன்று, செட்டைக்கு 8 மில்லிமீற்றர் பலகை, வாலுக்கு 5 மில்லிமீற்றர் பலகை, எஞ்சினுக்கு ஓர் உருளைக் குச்சி. வாங்கி வந்த அன்றே வெட்ட வேண்டாம். கொழும்புக் காற்றின் ஈரம் தெரிந்ததுதானே. இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் அலுமாரிக்கு மேலே கிடக்கட்டும். வளைவதென்றால் அங்கேயே வளைந்துவிடும்.

கைவாள், கோப்பிங் சோ (வளைவுகளை அரிகிற மெல்லிய வாள்), 12 மில்லிமீற்றர் உளி, அரைவட்ட அரம், ட்ரில், இரண்டு கிளாம்ப், சாண்ட் பேப்பர் போதும். பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைக்கும். முகக்கவசத்தை மறக்க வேண்டாம், மஹோகனித் தூள் மூக்கையும் கண்ணையும் படுத்தும்.

உடல்

கட்டையின் நான்கு பக்கத்திலும் பென்சிலால் நடுக்கோடு போடுங்கள். இரண்டு முனையிலும் கோடுகள் சிலுவையாகச் சந்திக்க வேண்டும். இனிமேல் எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான், கட்டையின் ஓரத்திலிருந்து அல்ல. ஓரம் கொஞ்ச நேரத்தில் தூளாகிப் போய்விடும். அரம் கோட்டைத் தின்றால் உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும்.

அடுத்ததில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதே அடிப்பக்கத்தில் செட்டை உட்காரும் பள்ளத்தையும், முதுகில் வால் நிற்கும் பிளவையும் வெட்டிவிடுங்கள். தட்டையான முகத்தில் மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக வெட்டலாம். உருட்டிய பிறகு எங்கே வைத்து அளப்பது? என் முதல் விமானத்தில் செட்டை சரிந்தது இந்தத் தவறால்தான்.

இனி பக்கப் படத்தை வெட்டிக் கட்டையில் ஒட்டி, கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் வெளியே வாளால் அரியுங்கள். அரிந்த துண்டுகளை எறியாமல் பழைய இடத்திலேயே டேப்பால் ஒட்டினால் கட்டை மறுபடி சதுரமாகும். அதன்மேல் மேற்படத்தை ஒட்டி மற்றப் பக்கத்தையும் அரியலாம்.

உடனே உருட்டப் போகாதீர்கள். முதலில் எட்டுப் பட்டை. 28 மில்லிமீற்றர் சதுரம் என்றால் ஒவ்வொரு முகத்தையும் 8, 12, 8 எனப் பிரித்துக் கோடிட்டு, மூலைகளை அந்தக் கோடு வரை சீவினால் எட்டுப் பக்கமும் ஏறக்குறையச் சமமாக வரும். எட்டைப் பதினாறாக்குங்கள். அதன் பிறகு சாண்ட் பேப்பரே வட்டமாக்கிவிடும். மூக்கிலும் வாலிலும் கட்டை சிறுக்கும்போது இந்த அளவுகளும் அதே விகிதத்தில் சிறுக்கும். தடித்த அட்டையில் அரைவட்டம் வெட்டி வைத்துக்கொண்டு இடது, வலது என்று மாறி மாறிப் பொருத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றதுக்குப் போனால் இரண்டும் ஒருநாளும் ஒத்துவராது.

செட்டை

ஒரே பலகையில் வெட்டினால் வேலை சுருக்கம்தான், ஆனால் வேண்டாம். செட்டை பின்னோக்கிச் சரிந்திருப்பதால் மரத்தின் நார் நுனியில் குறுக்காக ஓடும், கீழே விழுந்தால் அந்த இடத்தில் படக்கென்று முறியும். இரண்டு துண்டாக, ஒவ்வொன்றிலும் நார் செட்டையின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டி, நடுவில் ஒட்டுங்கள்.

மேற்பக்கம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தடித்திருந்து பின்னால் மெலிய வேண்டும், நுனிக்குப் போகப் போக இன்னும் மெலிய வேண்டும். பின்விளிம்பைக் கத்தி போலத் தீட்டாமல் ஒரு மில்லிமீற்றர் விடுங்கள். தூசு தட்டுகிற முதல் நாளே உடைந்துவிடும் இல்லையென்றால்.

முன்னாலிருந்து பார்த்தால் செட்டை நுனிகள் சற்றே மேலெழுந்திருக்கும். அந்த உயரத்தைப் படத்தில் அளந்து, இரண்டு நுனிக்கும் அடியில் ஒரே தடிப்புள்ள கட்டைகளை வைத்து, நடு மூட்டைப் பொருந்தும்படி சீவி ஒட்டுங்கள். வூட் க்ளூ ஓர் இரவு காயட்டும். நுனியில் நிமிர்ந்து நிற்கும் சின்னத் துண்டுகளைக் கடைசியில் சேர்க்கலாம்.

எஞ்சினும் வாலும்

இரண்டு எஞ்சினையும் ஒரே குச்சியில் அடுத்தடுத்துச் செய்துவிட்டுக் கடைசியில் வெட்டிப் பிரியுங்கள். கடைசல் பட்டறை தேவையில்லை. குச்சியை ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, சாண்ட் பேப்பரை மடித்துப் பிடித்தால் போதும். (பின்னேரத்தில் செய்யாதீர்கள். கீழ்வீட்டுக்காரர் கொடியில் உடுப்புக் காயப்போடும் நேரம் அது, எனக்கு ஏச்சு விழுந்திருக்கிறது.) எஞ்சினை உடலோடு சேர்க்க உள்ளே ஒரு மூங்கில் குச்சித் துண்டு செருகி ஒட்டினால் கழன்று விழாது.

வால் டி எழுத்து வடிவம். நிற்கும் பலகையில் நார் மேல்நோக்கி ஓட வேண்டும். வேறொன்றுமில்லை.

ஒட்டும்போது முதலில் செட்டை. பசை ஈரமாக இருக்கையிலேயே மூக்கு நுனியில் ஒரு குண்டூசி குத்தி, ரீல் நூல் கட்டி, இரண்டு செட்டை நுனிக்கும் இழுத்து அளந்து பாருங்கள். தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு வால், அதன் பிறகு எஞ்சின். ஒவ்வொரு முறையும் விமானத்தை மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய், முன்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். மாமியையும் கூப்பிடலாம்.

மெருகு

சாண்ட் பேப்பரில் 180, 240, 320 என்று இலக்கம் ஏற ஏற நாரின் போக்கிலேயே தேயுங்கள். மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் ஒரு பூச்சு, 400ஆல் மெல்லத் தேய்ப்பு, மறுபடி சீலர், அப்புறம் பளபளப்புக்கு லெக்கர். மழைக்கால ஈரத்தில் லெக்கர் அடித்தால் வெள்ளை படரும். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையை விட்டுவிட்டு, காய்ந்த நாளொன்றின் முற்பகலைப் பிடியுங்கள். பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்கலாம், ஆனால் மஹோகனியை வெள்ளைப் பெயின்டால் மூட எனக்கு மனம் வருவதில்லை.

ஜன்னல் பக்கத்துக்கு எட்டு, நீள்வட்டம். இந்த அளவில் ஒவ்வொன்றும் 7 மில்லிமீற்றர் அகலம், 5 உயரம். கறுப்பு ஸ்டிக்கர் தாளில் வெட்டி, மாஸ்கிங் டேப்பில் எட்டையும் வரிசையாக ஒட்டி, ஒரே வீச்சில் உடலுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றாக ஒட்டினால் வரிசை ஆடும்.

பீடம்

விமானத்தை ஒரு பென்சிலின் மேல் குறுக்காக வைத்து, மூக்கும் சாயாமல் வாலும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே, அடிவயிற்று நடுக்கோட்டின் மேல், முதலில் 2 மில்லிமீற்றர் பிட்டால் வழி போட்டுவிட்டு 4 மில்லிமீற்றர் துளை இடுங்கள். மூக்கு சற்று மேலே பார்க்கும்படி துளையைச் சரியுங்கள். பலாப் பலகையில் பித்தளைக் கம்பியை நாட்டி விமானத்தை ஏற்றிவிட்டால் முடிந்தது. சீலர் பூசுமுன் மேலே இருந்த கோடுகளை எல்லாம் தேய்த்து அழிக்கத்தான் வேண்டும், வயிற்றில் இருப்பதை மட்டும் இந்தத் துளைக்காக விட்டு வையுங்கள். பூச்சுக்கு அடியில் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது.